எங்கள் வீட்டில் இல்லாத கிணறு

செல்வி, கணேசா, இதை இரண்டு பேரும் முழுசாகப் படிக்க வேண்டும். பாதியில் மூடி வைக்கக் கூடாது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள். சொல்லும் விஷயத்தில் பிழை கிடையாது.

போன வெள்ளிக்கிழமை கணேசன் போன் செய்தான். கம்பெனி மிஷினில் விரல் சிக்கி நகம் பெயர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன் என்றான்.

"பெருசா ஒண்ணும் இல்லப்பா. சூப்பர்வைசர் நல்ல மனுசன். அவரே வண்டியில கூட்டிட்டு வந்திருக்காரு. பைக்ல இருந்து விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுதாரு. சொல்லிரட்டுமா?"

"ஏலே, சொல்லாத!" என்று கத்தினேன். "மிஷின்னு சொல்லு. அவரு பக்கத்துல நின்னாலும் மிஷின்னு சொல்லு. டாக்டர் எழுதுததை எட்டிப் பாரு. எழுதுன பொறவு வெளிய வா."

கணேசன் பயந்துபோனான். அடுத்த வீட்டில் இருந்து கூட எட்டிப் பார்த்தார்கள். நான் உங்களிடம் அப்படிக் கத்தியதே இல்லை. ஏன் கத்தினேன் என்பதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

அப்பாவுக்கு இடுப்பில் அடி, கேஸ் நடந்தது, ஜெயித்தோம். உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எப்படி அடிபட்டது, எதற்கு அந்தக் கேஸ் ஆறு வருஷம் இழுத்தது என்று நான் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். அதில் முதல் பொய்யைச் சொன்னவன் நான்.

பதினாறு வயதில் பேட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மூன்று வருஷம் இரும்புத்தூள் கூட்டினேன். இரண்டு வருஷம் உளி தீட்டினேன். பிறகு லேத்தில் நிறுத்தினார்கள். அதே லேத்தில் இருபத்தோரு வருஷம் நின்றேன். அரவை மில் உருளைகள், பம்பு தண்டுகள், எது தேய்ந்து வந்தாலும் கடைந்து கொடுப்போம். அங்கே பதினாலு பேர் வேலை பார்த்தோம். பதிவேட்டில் ஒன்பது பேர். பத்தாவது பெயரை எழுதினால் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். சோதனைக்கு ஆள் வரும் நாளில் ஐந்து பேர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அது எங்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. "லேய், இன்னைக்கு யாரு யாரு பொறக்காத பிள்ளை?" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். நான் ஒன்பதில் ஒருவன். அதில் எனக்குப் பெருமை வேறு.

முதலாளி மாதத்துக்கு நாலு நாள் வருவார். பட்டறையை நடத்தியது மேனேஜர் சங்கரலிங்கம் சார். ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். வயல் போய்விட்டது, ஆற்றங்கரைப் பக்கம் பெரிய வீடு மட்டும் மிச்சம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவர் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். எங்களில் யாரையும் அவர் ஒரு நாளும் திட்டியது கிடையாது. தப்புச் செய்தவனைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டி, "இரும்வே" என்பார். பேனாவை மூடி மேசையில் நேராக வைப்பார். பிறகு பைய, மிகவும் பைய, "என்னவே சுடலை, இப்படிப் பண்ணிட்டீரே" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் அழுகை வரும். கெட்ட வார்த்தை சொல்லும் மேஸ்திரியிடம் நாங்கள் பதிலுக்குப் பேசியிருக்கிறோம். சங்கரலிங்கம் சார் முன்னால் ஒருத்தனும் வாய் திறந்ததில்லை. இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பட்டறையில் ஒரு செயின் பிளாக் இருந்தது. மேலே இரும்புத் தூலத்தில் மாட்டித் தொங்கவிடும் கப்பி, சங்கிலி, கொக்கி. சங்கிலியைக் கையால் இழுத்தால் ஒரே ஆள் அரை டன் தூக்கலாம். அதற்கு ஒரு முறை உண்டு. உருளையின் இரண்டு பக்கமும் பட்டை போட வேண்டும். எடை நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் இருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தி, ஆட்டம் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். அதன் பிறகுதான் லேத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும். இருபத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இந்த முறையை விட்டதில்லை. விட்டது அந்த ஒரு நாள்தான்.

அது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை சார் என்னையும் சேவியரையும் கூப்பிட்டார். சேவியர் எனக்கு அடுத்த லேத். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பையன், என்னைவிட ஆறு வயது இளையவன். என்னை அண்ணாச்சி என்பான்.

"வீட்டுக் கிணத்துல மோட்டார் கயிறு அறுந்து உள்ள விழுந்துட்டுவே. செயின் பிளாக்கைக் கொண்டாந்து கட்டிக் குடுத்துட்டுப் போங்க. முதலாளிக்குத் தெரிய வேண்டாம்."

மூணு சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அவர் வீட்டுப் பின்பக்கம் வட்டக் கிணறு. கிழக்கே ஒரு துவைகல், பக்கத்தில் அரைநெல்லி மரம். மூன்று கம்பை முக்காலியாகக் கட்டி அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டோம். கல் எல்லாம் பாசி. சேவியர் ஒரு தடவை வழுக்கினான். "பாத்துவே, பாத்து, பாசி பிடிச்ச கல்லு" என்றார் சார். இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் காபி கொடுத்தார்கள். மோட்டார் அன்றைக்கு மேலே வரவில்லை. "கெடக்கட்டும், ஆளு பிடிச்சு எடுத்துக்கிடுதேன்" என்றார். செயின் பிளாக் அங்கேயே தொங்கியது.

திங்கட்கிழமை காலையில் ஒரு உப்பு மில்லில் இருந்து உருளை வந்தது. தண்டு தேய்ந்து மில் நின்றுவிட்டது, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று லாரிக்காரர் வாசலிலேயே நின்றார். முன்னூறு கிலோவுக்குக் குறையாது. நான் ஆபீஸ் அறைக்குப் போய், "சார், செயின் பிளாக்" என்றேன்.

"நாளைக்கு வந்துரும்வே. இன்னைக்கு ஒரு நாள் கம்பு போட்டுத் தூக்குங்க. நாலு பேரு போதாது?"

போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சரி சார் என்றேன். அந்தச் சரியையும் எழுதி வைக்கிறேன். பழியில் என் பங்கு எனக்கு.

இரண்டு சவுக்குக் கம்பு, நாலு ஆள். முன் கம்பில் நானும் சேவியரும். இடுப்பு உயரம் வந்துவிட்டது. லேத்தில் வைக்க இன்னும் ஒரு முழம்தான். தண்டில் எண்ணெய் இருந்தது. கயிறு சறுக்கி, எடை முழுவதும் என் பக்கம் சாய்ந்தது. கம்பை விட்டுவிட்டு விலகியிருக்கலாம். விட்டால் உருளை சேவியரின் காலில் விழும். விடவில்லை. இடுப்பில் சத்தம் கேட்டது. காய்ந்த ஓலையை மிதித்தால் வருமே, அந்த மாதிரி. உருளை எப்படியோ லேத்தில் போய் உட்கார்ந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். இடது கால் யாருடைய காலோ மாதிரி இருந்தது.

சார்தான் ஆட்டோ பிடித்தார். அவரே கூட ஏறினார். என் தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டார். திருநீறு வாசம் வந்தது. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம், "பைய போ தம்பி, பைய" என்று டிரைவரிடம் சொன்னார். பிறகு என் காதருகே சொன்னார்.

"சுடலை, டாக்டர் கேட்டா வீட்டுல கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லும். பாசி பிடிச்ச கல்லு. தண்ணி இறைக்கும்போது. கேட்டுதா?"

"சார், எங்க வீட்டுல…" என்று ஆரம்பித்தேன்.

"எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்வே. பட்டறைன்னு சொன்னா போலீஸ், கேஸுன்னு அலைவாங்க. முதலாளிக்கு மனக்கஷ்டம். உம்ம சம்பளத்துக்கு நான் பொறுப்பு."

நான் சொல்ல வந்தது, எங்கள் வீட்டில் கிணறு கிடையாது என்பதுதான். நாம் அப்போது குடியிருந்த தெரு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாறை மேல் தெரு. கடப்பாரையைப் போட்டால் நெருப்புப் பறக்கும். பத்து வீட்டுக்கு ஒரு குழாய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆற்றுத் தண்ணீர் வரும். சாருக்கு அது தெரியாது. அவர் ஒரு நாளும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. வீடு என்றால் பின்னால் கிணறு இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவர். அவர் கொடுத்த பொய்யில் தப்பு இருக்கிறது என்று அவரிடம் சொல்வது மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. செல்வி, நீ சிரிப்பாய். இடுப்பு ஒடிந்து கிடக்கும்போது கூட மேனேஜரைத் திருத்தக் கூச்சப்பட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சீட்டு எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று அதற்குப் பெயர். எந்த நேரம், எந்த இடம், எப்படி அடிபட்டது என்று நாம் சொல்வதை டாக்டர் அப்படியே எழுதுவார். ஒரு இளவயது டாக்டர் கேட்டார். சார் என் தலைமாட்டில் நின்றார். நான் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். வீட்டில், கிணற்றடியில், தண்ணீர் இறைக்கும்போது, பாசியில் வழுக்கி. டாக்டர் எழுதினார். சார் என் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

அந்த ஒரு வரி என்னை ஆறு வருஷம் அலைக்கழித்தது.

முதுகுத் தட்டு விலகி நரம்பை அமுக்குகிறது என்றார்கள். மூன்று மாதம் பலகையில் படுக்கை. கணேசன் அப்போது இரண்டாம் வகுப்பு. என் மேல் ஏறி விளையாட வருவான், அம்மா இழுத்துக்கொண்டு போவாள். முதல் இரண்டு மாதம் சம்பளம் வீட்டுக்கு வந்தது. மூன்றாம் மாதம் வரவில்லை. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பட்டறைக்குப் போனேன். என் லேத்தில் வேறு ஆள் நின்றான். சேவியர் தலையைத் தூக்கவில்லை.

சார் நாற்காலியைக் காட்டினார். பேனாவை மூடி நேராக வைத்தார்.

"நின்னுக்கிடுதேன் சார். உக்கார முடியல."

"என்னவே சுடலை, இப்படி ஆயிட்டே. முதலாளிகிட்ட பேசிப் பாத்தேன். அவரு ஒண்ணு கேக்காரு, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. வீட்டுல விழுந்த ஆளுக்குக் கம்பெனி எத்தனை நாளைக்குச் சம்பளம் குடுக்கும்னு கேக்காரு."

"வீட்டுல விழுந்தேனா சார்?"

"நீர்தானவே சொன்னீரு, டாக்டர்கிட்ட."

பிள்ளைகளா, அவர் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் இல்லை. கண்ணில் இரக்கம் கூட இருந்தது. தானே செய்து கொடுத்த பொய்யைத் தானே நம்பிக்கொண்டு, எனக்காக வருத்தப்பட்டார். அன்றைக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். கும்பிட்டேன்! அந்தக் கோபம் என் மேல்.

கேஸ் போடச் சொன்னது டீக்கடையில் ஒருத்தர். வக்கீல் ஜமீலாம்மா காயல்பட்டினத்துக்காரர். அவர் ஆபீஸ் மாடியில். முதல் நாள் பத்தாவது படியில் நின்றுவிட்டேன். அடுத்த தடவையில் இருந்து அவரே கீழே இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். நான் நின்றுகொண்டே சொல்வேன்.

அவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "அண்ணாச்சி, இது இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறை. அதனால தொழிலாளர் ஆபீஸ்ல அதிகாரி முன்னால மனு போடணும். அங்கன நாம நிரூபிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வேலையில பட்ட அடி. அவ்வளவுதான். மத்ததெல்லாம் பொறவு."

"நான்தான் கிணத்தடின்னு சொல்லிட்டேனே, அம்மா."

"அதான் கஷ்டம். கூட இருந்தவங்க யாராவது வந்து சொல்லுவாங்களா?"

சேவியர் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவன் தரையையே பார்த்தான்.

"அண்ணாச்சி, எனக்கு ரெண்டு பொம்பளப்பிள்ளை. நான் அந்தப் பதினாலுல ஒருத்தன், ஒன்பதுல இல்ல. வாயத் திறந்தா அன்னைக்கே டீக்கடைக்கு அனுப்பிருவாங்க. திரும்பிக் கூப்பிட மாட்டாங்க."

"உன் கால் நல்லா இருக்காலே?" என்று கேட்டேன்.

அவன் அழுதான். அழட்டும் என்று வெளியே வந்துவிட்டேன். பாவம்தான் அவன். தெரிகிறது. ஆனாலும் இன்றுவரை அவனை நான் மன்னிக்கவில்லை. நல்லவனாக நடித்து எழுத எனக்கு விருப்பம் இல்லை.

செயின் பிளாக் எங்கே இருந்தது என்பதையும் நான் வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை. பட்டறையில் இல்லை என்று மட்டும் சொன்னேன். முதலாளிக்குத் தெரிந்தால் சாருக்கு வேலை போய்விடுமே என்று. அவ்வளவு ஆன பிறகும். புரிகிறதா? என்னை எப்படிப் பழக்கி வைத்திருந்தார் பாருங்கள்.

பட்டறை சார்பில் பதில் மனு வந்தது. சாரின் நடைதான், எனக்குத் தெரியாதா. 'மனுதாரர் தமது இல்லத்தின் பின்புறமுள்ள கிணற்றில் நீர் இறைக்கையில் பாசியில் வழுக்கி வீழ்ந்தார். தகவலறிந்து நிர்வாகி நேரில் சென்று, மனிதாபிமானத்துடன் மருத்துவமனையில் சேர்த்தார்.' படித்தால் நமக்கே கண்ணீர் வரும். அவ்வளவு அழகு.

வாய்தா வாய்தாவாக ஓடியது. சுவரில் ஒட்டிய தாளில் பெயர் பார்த்து, கூப்பிடும்வரை வராந்தாவில் நிற்க வேண்டும். டாக்டர்கள் போர்டுக்கு ஒரு நாள் போனேன். குனி என்றார்கள், விரல் முழங்காலைத் தாண்டவில்லை. படுக்க வைத்துக் காலைத் தூக்கினார்கள், கத்திவிட்டேன். அதை எழுதிக்கொண்டார்கள். காயம் உண்மை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே பட்டது என்பதுதான் கேள்வி.

என்னை விசாரித்த நாளில் அவர்கள் வக்கீல் ஏ.ஆர். காப்பியை நீட்டினார்.

"இது நீர் சொன்னதுதானா?"

"ஆமா ஐயா."

"அப்போ டாக்டர்கிட்ட பொய் சொல்லியிருக்கீரு?"

"ஆமா. சொல்லச் சொன்னாங்க."

"உயிருக்கு ஆபத்தான நேரத்துல டாக்டர்கிட்டயே பொய் சொன்ன ஆளு, பணத்துக்காக இங்கன பொய் சொல்ல மாட்டீரா?"

அதிகாரி பேனாவால் ஏதோ எழுதினார். வெளியே வந்ததும் வக்கீலம்மா, சமரசம் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று குழாய் நாள். அம்மா இரண்டு குடத்தோடு வாசலுக்கு வந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பீடி சுற்றிய விரலில் தூள் கூடப் போகவில்லை. அவளிடம் நடந்ததைச் சொன்னேன். கிணற்றடி விஷயத்தை அதுவரை அவளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

குடத்தை டக்கென்று இறக்கினாள்.

"எந்தக் கிணத்தடியில விழுந்தீய?"

"நம்ம வீட்டுக் கிணத்தடின்னு…"

"நம்ம வீட்டுல ஏது கிணறு? இந்தப் பாறையில எவன் தோண்டினான்? தண்ணி எறச்சீயளாம்! கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னைக்காவது ஒரு குடம் தண்ணி எடுத்திருக்கீயளா? ஒரு செம்பு? குழாயடிக்கு வழி தெரியுமா உங்களுக்கு? எவன் எழுதினானோ அவனைக் கூட்டிட்டு வாங்க. இந்தக் குடத்தைத் தூக்கிட்டு அந்தக் கிணத்தைக் காட்டச் சொல்லுங்க!"

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வக்கீலம்மாவிடம் போய் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு வருஷமா என்கிட்ட வாரீயளே. வீட்டுல கிணறு இல்லைங்கிறதை ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேம்மா."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே அந்தக் கதவு எண்ணில் கிணறும் இல்லை, போர்வெல்லும் இல்லை, தெருவே பாறை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டு எழுதிப் போட்டார். போட்டோவும் எடுத்தார். போட்டோவில் அம்மா குடத்தோடு முறைத்துக்கொண்டு நிற்பாள். பெட்டியில் இருக்கிறது, பாருங்கள்.

சாரை விசாரித்த நாள் வந்தது. முதலாளி பின்வரிசையில் இருந்தார். சார் வெள்ளை வேட்டியில், அதே அமைதியில் வந்து உட்கார்ந்தார்.

"மனுதாரர் வீட்டுக்கு நீங்க நேர்ல போனீங்களா சார்?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"போனேன். நான்தான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன்."

"கிணத்தைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். அங்கேதான் கிடந்தார்."

"கிணறு எப்படி இருந்துச்சு?"

சார் இலேசாகச் சிரித்தார். "கிணறு எப்படியம்மா இருக்கும்? வட்டக் கிணறு. கிழக்கே துவைகல். பக்கத்தில் ஒரு அரைநெல்லி மரம். கல் பூராவும் பாசி. அதைக் கழுவக் கூடாதா என்று அன்றைக்கே நினைத்தேன்."

எனக்குத் தலை முதல் கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. வக்கீலம்மா சான்றையும் போட்டோவையும் எடுத்து நீட்டினார். அதிகாரி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்ற கிணறு எங்கே இருக்கு சார்?"

சாரின் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. "பழைய விஷயம்… ஞாபகம் சரியாக…" என்றார்.

நான் வாய் திறந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

"அது அவரு வீட்டுக் கிணறு ஐயா! நானும் இன்னொருத்தனும் கம்பெனி செயின் பிளாக்கைக் கொண்டுபோய் அதுலதான் கட்டினோம். உருளை வந்த அன்னைக்கும் அது அங்கனதான் தொங்குச்சு. அது பட்டறையில இருந்திருந்தா நான் கம்பு போட்டிருக்க மாட்டேன். என் இடுப்பு இருந்திருக்கும்!"

"உம்மைக் கேக்கலை. உக்காரும்" என்றார் அதிகாரி.

"உக்கார முடியாதுங்க ஐயா" என்றேன்.

முதலாளி சாரைப் பார்த்தார். செயின் பிளாக் அன்று ரிப்பேருக்குப் போயிருந்தது என்றுதான் சார் அவரிடம் சொல்லியிருந்தாராம். ஆட்டோவில் என் காதில் சொன்னதெல்லாம் முதலாளிக்காக என்று நினைத்திருந்தேன். சார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது என்று எனக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. எனக்கு அடிபட்ட சமயம் மூன்று நாளாக அந்தக் கிணறே அவர் நினைப்பாக இருந்திருக்கிறது. அதனால் ஆட்டோவில் அதுவே வாயில் வந்திருக்கிறது.

உத்தரவு வர மேலும் எட்டு மாதம் ஆனது. அவர்கள் அப்பீல் என்று மேலே போனார்கள், அதில் சில வருஷம். கடைசியில் அங்கேயும் நம் உத்தரவுதான் நின்றது. கிடைத்தது ஆஸ்பத்திரிக்கும் உங்கள் படிப்புக்கும் போனது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, அப்பழுக்கில்லாத சேவை என்று பேசித்தான் அனுப்பி வைத்தார்கள். நான் வேறொரு பட்டறையில் ஸ்டூலில் பாதி, நின்று பாதி என்று சின்னச் சின்ன புஷ் வளையங்கள் கடைந்து ஓய்வு பெற்றேன். மாலை எல்லாம் இல்லை.

டவுனில் ஒரு நாள் சார் எதிரே வந்தார். "என்னவே சுடலை, இடுப்பு எப்படி இருக்கு?" அதே பைய குரல்.

"கிணறு எப்படி இருக்கு சார்?" என்றேன்.

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை அன்றைக்கு.

கணேசா, உன் சூப்பர்வைசரை நல்ல மனுசன் என்றாயே, அதனால்தான் கத்தினேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தது அவர் கடமை. அதற்காக உன் வாயை அவரிடம் கொடுக்காதே. மிஷின் என்று எழுதியிருக்கும் அந்தச் சீட்டின் நகலை எனக்கு அனுப்பு. நான் பார்த்தால்தான் தூங்குவேன்.

இன்னும் ஒன்று பாக்கி. யாரிடமும் சொல்லாதது.

உத்தரவு கைக்கு வந்த அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் பள்ளிக்கூடம், அம்மா பீடி ஒப்படைக்கப் போயிருந்தாள். 'வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயம்' என்ற வரியை நின்றுகொண்டே பல தடவை படித்தேன். பிறகு தாளை மடித்து வைத்தேன். அடுப்படியில் குடம் காலியாக இருந்தது. அன்று குழாய் நாள். எல்லாரும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், தெருவில் ஆள் இல்லை. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு செம்பை எடுத்துக்கொண்டு போனேன். குனிய முடியாது. குழாய்த் தூணைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி இறங்கினேன். செம்பு நிறையும்வரை அப்படியே இருந்தேன். பிறகு தூணைப் பிடித்து எழுந்தேன். வீட்டுக்கு வந்து குடத்தில் ஊற்றினேன். திரும்பிப் போனேன். பத்து நடை. பத்தாவது நடைக்குக் கால் மரத்துவிட்டது, சுவரோடு சாய்ந்து சாய்ந்து வந்தேன்.

அந்தச் சீட்டில் நான் தண்ணீர் எடுத்ததாக எழுதியிருந்தது. அன்றுதான் எடுத்தேன்.

குடம் நிறைந்ததும் தட்டைப் போட்டு மூடினேன்.